டிவிக்குப் பின்னால் நின்றவன்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பெரிய டிவிக்கு ஆண்டிச்சாமியைத்தான் கூப்பிடுவார்கள். போனில் ஓடுகிற படத்தை வயர் இல்லாமல் அப்படியே டிவியில் காட்டிவிடுவான். சாவு வீட்டுக்கும் போவான். அங்கே மட்டும் எதையும் பதிவு பண்ணமாட்டான். அழுகிற முகத்தைச் சேர்த்துவைக்கக் கூடாது என்பது அவன் கட்டுப்பாடு.

அதற்கான சாஃப்ட்வேரை ஏற்றிக்கொடுத்தவன், மலேசியாவில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்ட தம்பி கவியரசன்.

"காசு கேக்காதுண்ணே. எவனெவனோ சேந்து எழுதி, ஊருணி மாதிரி பொதுவுல விட்டிருக்காங்க. யாரும் மொண்டுக்கலாம்."

முந்தாநாள் கவியரசன் மாரடைப்பில் போய்விட்டான். தகனமும் அங்கேதான். பெட்டியை மூடுமுன் வீடியோ காலில் முகம் காட்டுவதாகத் தம்பி பெண்டாட்டி சுகுணா சொல்லியிருந்தாள்.

ஆண்டிச்சாமிக்கு அழுகை வரவில்லை. வாசல் பந்தலில் டிவியைத் தூக்கிவைத்து, போன் படத்தை வாங்கி டிவிக்குத் தருகிற சோப்பு டப்பா அளவுக் கம்ப்யூட்டரை அதன் முதுகில் மாட்டினான்.

"இன்னிக்காச்சும் சும்மா ஒக்காரேன் மாப்ள" என்றார் மச்சான் பழனிச்சாமி.

"நீ வந்து மாட்டுறியா? ரிமோட்டத் தலைகீழாப் பிடிக்கிற ஆளு."

போனை ஆத்தா கண்ணாத்தாள் கையில் கொடுத்தான். வீடியோ கால் வந்தது. டிவியில் மாலை தெரிந்தது, கால் கட்டைவிரல் தெரிந்தது, படம் போய்விட்டது.

கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் நடுவில் ஒரே ஒரு ஜாண் வயர். போன கல்யாணத்திலேயே லூசாகிவிட்டது. மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று விட்டுவிட்டான். பின்னால் போய்க் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தான். முன்னால் பந்தலே அலறியது. முகம் வந்துவிட்டது.

"ஏலே, இங்கிட்டு வாடா! ஒந்தம்பி மொகத்தப் பாருடா!" என்றாள் ஆத்தா.

"கைய எடுத்தா படம் போயிரும். நீங்க பாருங்க."

பழனிச்சாமி ஓடிவந்தார். "நான் பிடிக்கிறேன், நீ போ."

"ஒனக்குப் பிடிபடாது மச்சான்."

சுகுணாவின் குரல் டிவியில் வந்தது. "மாமா, மூடப்போறாங்க. பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சும்மா" என்றான், டிவியின் முதுகிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே.

கால் முடிந்தது. ஆத்தாளிடமிருந்து போனை வாங்கினான். கை பழக்கத்தில் பதிவு இருக்கிறதா என்று தேடியது. இல்லை.

காதுகுத்துக்கு டிவி சொல்லியிருந்த குடுமியான்மலைக்காரருக்குப் போன் போட்டான். "பதினாறு கழியிற வரைக்கும் வரமுடியாதுங்க. வேற ஆளப் பாத்துக்கங்க" என்றான். அப்புறம் அந்த வயரை உருவி, சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.