நீர்க்காகம் மீன் தின்னுமா?

போன மார்கழியில் நடந்தது இது. வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு குளம். விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த நானும் என் தோழியும் காலையிலேயே போய்க் கரையில் உட்கார்ந்துவிடுவோம். அங்குள்ள கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் ஒரே கிளைக்கு அடித்துக்கொள்ளும். தண்ணீர் வற்ற வற்ற அந்தச் சண்டை எப்படி மாறுகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. நாரை பாடுபட்டுக் கொண்டுவந்த சுள்ளியை நீர்க்காகம் நைசாக உருவிக்கொண்டு போவதைப் பார்க்கணுமே! மற்ற தோழிகள் எல்லோரும் குளிக்கக் கிளம்பினாலும் இவள் வரமாட்டாள். "நீங்க ஐந்தருவிக்குப் போங்கட்டி, எனக்குக் குஞ்சு பொரிக்கப் போவுது" என்பாள், ஏதோ இவளே அடைகாக்கிற மாதிரி.

குஞ்சுகளும் பொரித்தன. ஒருநாள் திடீரென்று டமார் டமாரென்று வெடிச்சத்தம். மரம் மொத்தமும் காலி. தாய்ப் பறவைகள் எழுந்ததுதான் தாமதம், ஊர்க்காகங்கள் குஞ்சுகளைக் கொத்தக் கூடுகளில் இறங்கிவிட்டன. வெடி போட்டவர் மீன் குத்தகைக்குக் குளத்தை எடுத்திருந்த அண்ணாச்சி. அவர் விட்ட மீன்குஞ்சுகளைப் பறவைகள் தின்றுவிடுகின்றனவாம். இன்னும் இரண்டு தடவை இப்படி வெடித்தால் குஞ்சுகளும் இருக்காது, எங்கள் ஆய்வும் இருக்காது.

தோழி சேற்றில் இறங்கி நேரே அவரிடம் போய்விட்டாள். பின்னாலேயே நானும் ஓடினேன். அவர் கேட்டார். "படிக்கிற பிள்ளைதான? நீயே சொல்லு. நீர்க்காகம் எம் மீனத் திங்குமா, திங்காதா?"

நான் அவள் கையைக் கிள்ளினேன். "ஏட்டி, திங்காதுன்னு சொல்லிரு."

"திங்கும் அண்ணாச்சி. நல்லாவே திங்கும்" என்றாள்.

போச்சுடா என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். அவள் விடவில்லை. "ஆனா நாரை உங்க மீனுக்கு வராது, அதுக்கு நத்தைதான். வந்து பாருங்க" என்று கரையோர மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தன. "நீர்க்காகம் மடைப் பக்கந்தான் முங்கும். அங்கன தகரத்தத் தட்டி விரட்டுங்க. இங்கன வெடி மட்டும் வேண்டாம் அண்ணாச்சி, குஞ்செல்லாம் செத்துப்போவும்." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் ஒரு நத்தை ஓட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "வாரவங்க எல்லாம் பறவை மீனே திங்காதுன்னு சொல்லுதாங்க. அப்போ எம் மீனு என்ன றெக்க முளைச்சா போவுது? நீ ஒருத்திதாம்மா உள்ளதச் சொல்லுத. அதனால நாரை விஷயத்துலயும் ஒன்ன நம்புதேன்."

மறுநாளிலிருந்து மடைப் பக்கம் தகரச் சத்தம் மட்டும்தான். மிஞ்சிய நாரைக் குஞ்சுகள் முதன்முதலாகப் பறந்த அன்று அவரும் கரைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். நீர்க்காகங்களுக்கு மட்டும் வழக்கமான வசவு விழுந்தது.

இப்போதும் வசதிக்காக ஒரு பொய் நாக்கு நுனிவரை வரும்போதெல்லாம், முழங்கால் சேற்றோடு நின்று "திங்கும் அண்ணாச்சி" என்று சொன்ன அவள் குரல்தான் கேட்கிறது. பாவி, அதற்கப்புறம் என்னைப் பொய் சொல்லவே விடமாட்டேன் என்கிறாள்.