புல் இல்லாத தரை

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய பல் தூரிகையால் விசிறியில் படிந்த உப்புப் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் கத்தரினா அக்கா. எத்தாளைக் கடற்கரையில் கச்சான் காற்று தொடங்கினால் கதவுப் பிணைச்சலே துருவேறிவிடும், கணினி எம்மாத்திரம்? காலையில் மீன் வாடியில் கருவாடு புரட்டிய கை அது. எத்தனை தரம் கழுவினாலும் விசைப்பலகையில் அந்த மணம் ஒட்டித்தான் இருக்கிறது.

"விக்குது தம்பி," என்கிறார், பக்கத்து வீட்டிலிருந்து வந்து நிற்கும் என்னிடம். "ஆக்கள் தூரத்தில ஓடி வருகினம். அப்பிடியே நிக்கினம். திரும்பப் பாத்தா எனக்குப் பக்கத்தில! அதுக்குள்ள நான் செத்துப்போறன்."

ஐம்பதைத் தாண்டிய இந்த மனுசி சொல்வது கணினியில் ஆடும் துப்பாக்கிச் சண்டையை. நாலு பேர் கொண்ட குழுக்கள் ஒரு தீவில் இறங்கும். கடைசிவரை உயிரோடு இருப்பவர்களுக்குப் புள்ளி கூட. விநாடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது என்பதில்தான் சாவும் வாழ்வும். படம் குறைந்தால் அக்கா சொல்லும் விக்கல் வரும்.

கணினி மகன் டிலக்சனுடையது. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம், வெளிநாடு போகவென்று அவன் படகேறினான். அந்தப் படகு போய்ச் சேர்ந்ததாக யாரும் சொல்லவில்லை; கவிழ்ந்ததாகவும் சொல்லவில்லை. உயிரோடு இருப்பவனாக அவன் பெயர் இன்னும் நிற்பது அவனுடைய விளையாட்டுக் குழுவில் மட்டும்தான். போட்டிக்கு வராதவர்களை நீக்கிவிடுவார்கள். அதனால் அவன் பெயரில் அம்மா வருகிறார். குழுவிலுள்ள மற்ற மூவருக்கும் அது தெரியும். வெளியே மூச்சு விடுவதில்லை.

அக்கா யாரையும் சுடுவதில்லை, ஒளிந்திருப்பார். வன்னியில் போரின் கடைசி நாட்களைச் சின்னப் பிள்ளையோடு பங்கருக்குள் கழித்தவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "ஓடுறவைதான் முதல் சாவினம். டிலக்சன்ர அப்பா தண்ணிக்கெண்டு வெளிக்கிட்டவர். அவ்வளவுதான்." புல்லுக்குள் குப்புறக் கிடப்பார். மற்றவர்கள் அடிபட்டுச் சாக, பாதி நாட்களில் இவர் மிஞ்சுவார். வீரம் பேசுகிற விளையாட்டில் இப்படியும் ஓர் ஆட்டம்! எனக்குச் சிரிப்பு வந்தது.

சூடேறினால்தான் விக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போன மாதம் வாடியிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸை அள்ளி வந்து, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியோடு கணினிக்கு அடியில் வைத்தார். மீனுக்கு நல்லதென்றால் இதற்கும் நல்லது என்பது அவர் கணக்கு. உள்ளே வியர்த்து நீர் கோத்து, கணினி பொசுங்கிப் போனது. பாலாவியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் நௌஃபர்தான் குழுவின் தலைவன். தலையில் கைவைத்துவிட்டான்.

"என்ன மாமி செஞ்சீங்க? இதென்ன பாரையா சூரையா, ஐஸ் போட?"

எப்படியோ உயிர் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்தான். விக்கல் மட்டும் போகவில்லை.

ஞாயிறு பின்னேரம் போட்டியின் கடைசிச் சுற்று. அதில் பின்தங்கினால் குழு கலையும். புதுப் பெயர்களோடுதான் மறுபடி பதியலாம். காலைப் பூசை முடிந்து அக்கா வந்தபோது நௌஃபர் வாசலில் நின்றான். கணினி முன் உட்கார்ந்து, விளையாட்டின் அமைப்புக்குள் போய், படத்திலிருந்து நிழலை எடுத்தான், தண்ணீரின் பளபளப்பை எடுத்தான், கடைசியில் புல்லையும் எடுத்தான். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"புல் எங்க?" என்றார் அக்கா.

"அது வீண் பாரம் மாமி. எல்லாரும் எடுத்துட்டுத்தான் வெளையாடுற."

அவர் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வெறும் மண் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, நான் ஒளிஞ்சு கிடந்தது அவைக்குத் தெரிஞ்சதோ?"

"தூரத்தில ஈக்கிறவனுக்குத் தெரியும் மாமி."

"இவ்வளவு நாளும் வெட்டவெளியிலயோ கிடந்தனான்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பின்னேர ஆட்டத்தில் ஒரு விக்கலும் இல்லை. கடைக்குத் திரும்பி அங்கிருந்து ஆடிய நௌஃபர் முதலில் விழுந்தான், பிறகு இன்னொருவன். அக்கா ஓர் இடிந்த சுவருக்குப் பின்னால் கிடந்தார். எதிரே, மறைப்பே இல்லாத தரையில், குழுவில் மிஞ்சிய சாரங்கன் அடிபட்டு ஊர்ந்துகொண்டிருந்தான். கூட்டாளி ஒருவர் போய்த் தூக்கிவிட்டால் அவன் பிழைப்பான். கணினி வழியே அவன் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, வரவேண்டாம்! அப்பிடியே கிடவுங்கோ. நீங்க தப்பினாத்தான் டிலக்சன்ர பேர் நிக்கும்."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

"பொறு ராசா, வாறன்," என்றவர், கதிரையை விட்டே எழும்பி நின்று, முன்னே ஓடும் விசையை விரல் வெளுக்க அமுக்கிப் பிடித்தார்.