ஓட்டைக் காசு

மாமா கடலோரத்திலுள்ள கிள்ளை ஊரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். சுனாமிக்கு முன் நாங்கள் குடியிருந்த மனையில் பள்ளம் தோண்டியபோது அம்மாவின் உண்டியல் கிடைத்திருக்கிறது. தகர டப்பா உதிர்ந்துபோய், காசுகள் மட்டும் மண்ணும் சிப்பியும் களிம்புமாகக் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தன.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். “அதுல ஓட்டைக் காசு இருக்குதா பாரு.”

தம்பியின் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த காசு அது. செம்பு நிறம், நடுவில் வட்டத் துளை. அலை வந்தபோது அவன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். உண்டியல் தூளிக்கு நேர் கீழே இருந்தது; கயிறு அறுந்து காசு அங்கேயே விழுந்திருக்கும் என்று அம்மா நம்பினாள். அவன் உடல் கிடைக்கவில்லை. படங்களும் தண்ணீரோடு போய்விட்டன. வருடா வருடம் அந்த நாளில் அம்மா வெறும் சுவருக்கு முன்னால் விளக்கேற்றுகிறாள். அவனுடையது என்று ஏதாவது ஒன்றை வைத்து ஏற்ற வேண்டும் என்பாள்.

நான் கடலூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எதையும் வரிசைப்படி செய்துதான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று கிண்ணங்கள் வைத்தேன். ஒன்றில் சோப்புத் தண்ணீர். அடுத்ததில் குளியலறைத் தரைக்கு விற்கும் ஆசிட் மருந்து, தண்ணீர் கலந்து. மூன்றாவதில் அதே மருந்து, கலக்காமல். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கட்டி.

“கக்கூஸ் கழுவுற மருந்துல காசு கழுவத்தான் எம்.எஸ்சி. படிச்சியா பாப்பா?” என்றார் மாமா.

“தள்ளி நில்லுங்க மாமா, புகை வருது.”

சோப்புத் தண்ணீரில் மண் மட்டும் கரைந்தது. கலந்த மருந்தில் சிப்பி நுரைத்துக் கழன்றது. கலக்காத மருந்து பொங்கிப் பொங்கி அடங்கியது. அதிலிருந்த காசுகளை இடுக்கியால் எடுத்து அலசித் தட்டில் போட்டேன். நான் துடைப்பதற்குள் அம்மா ஒரு காசை எடுத்துவிட்டாள்.

“ஓட்டை இருக்குடி! இதோ பாரு, ஓட்டை!”

அது வெள்ளையாக இருந்தது.

“செம்புதானம்மா சொன்ன?”

“இத்தினி வருசம் உப்புத் தண்ணில கெடந்தா வெளுக்காதா?”

வாங்கிப் பார்த்தேன். இலைபோல லேசாக இருந்தது. ஓரத்தில் சதுர மூலை ஒன்று தெரிந்தது. அலுமினியம், பழைய அஞ்சு காசு. ஆசிட் பட்டால் அலுமினியம் கரையும். துளை நடுவிலும் இல்லை, வட்டமாகவும் இல்லை. அம்மா அதற்குள் மஞ்சள் துணி தேடி உள்ளே போயிருந்தாள்.

திரும்பி வந்ததும் சொன்னேன். “அம்மா, இது அஞ்சு காசு. ஓட்டை இப்போ மருந்து அரிச்சதுல விழுந்தது.”

அம்மா துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் பாப்பா, இதான்னு சொல்லியிருந்தா ஏதாவது கொறஞ்சா போயிடும்?” என்று மாமா என்னிடம் முணுமுணுத்தார்.

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. “ஏதோ ஒரு காச வெச்சு எம்புள்ளைக்கு வெளக்கேத்தச் சொல்றியா? நீ சும்மா இரு.”

மருந்தைக் கொட்டிவிட்டேன். மிச்சக் கட்டிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் அம்மாவும் நானும் தேய்த்தோம். சாயங்காலம் கடைசிக் கட்டியும் பிரிந்தது. எட்டணா, ஒரு ரூபா, பத்துக் காசு. ஒவ்வொன்றையும் அம்மா வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தாள். எதிலும் துளை இல்லை.