மாரி மச்சான் அளந்த அகழி

2007 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைமேட்டு அகழியைப் பார்க்கப் போனேன். ஊர் சுற்றத்தான் என்றால் பொய். என் மனைவியின் தம்பி மாரி கோவளத்து மீனவன். கடல் வீட்டுக்குள் வந்துபோன நாளிலிருந்து அவன் பெண்டாட்டிக்கு அங்கே தூக்கமில்லை. அவளுக்காகக் கடலே தெரியாத இடத்தில் மனை வாங்கியிருந்தான். வெள்ளிக்கிழமை பூமி பூஜை. அதற்குள் என்னிடம் காட்ட வேண்டுமாம்.

தாம்பரத்தில் காலை 6.40 ரயில். சிங்கப்பெருமாள்கோவிலுக்கு 35 நிமிடம், டிக்கெட் ஆறு ரூபாய். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, தலைக்குப் பத்து ரூபாய். (எனக்கு ஒன்றரைத் தலை இடம் வேண்டும், டிரைவர் கண்டுகொள்ளவில்லை.)

சாலையிலிருந்து பார்த்தால் வெறும் மண்மேடு. ஏறினால்தான் புரியும்: சுற்றிலும் வளையமாக அகழி, பாதியில் தண்ணீர், மீதியில் கோரை. அந்தக் காலத்துச் சிற்றரசன் யாரோ வெட்டியதாம். உச்சியில் நீலப் பலகை: பாதுகாக்கப்பட்ட சின்னம், நூறு மீட்டருக்குள் கட்டடம் கூடாது.

"அதெல்லாம் வலைக் கயித்தால அளந்துட்டேன் மாமா. பலகையில இருந்து மனை வரைக்கும் அறுபது பாகம்!" என்றான் மாரி. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறடி. கடலில் ஆழம் பார்க்கிற கணக்கு. நூறு மீட்டருக்கு ஐம்பத்தைந்து பாகம் போதும்.

"ஏண்டா மச்சான், மனை வாங்கினியா, சுறாவுக்குத் தூண்டில் போட்டியா?"

அங்கிருந்த காவல்காரர் சிரிக்கவில்லை. "பலகையில இருந்து இல்ல சார். அகழியோட வெளிக்கரையில இருந்து அளக்கணும். அகழியும் சின்னம்தான்."

"இன்னாண்ணா சொல்ற? அது குட்டைதானே?" என்றான் மாரி.

மறுபடி அளந்தோம். ஐம்பத்தைந்தாவது பாகம் மனைக்குள்ளேயே போய் விழுந்தது. பின்வேலிக்கு நாலு பாகம்தான் மிச்சம். அதில் கட்டவும் அனுமதி வாங்க வேண்டும் என்றார் காவல்காரர். எனக்குக் கிண்டல் வரவில்லை.

மாரி செல்லில் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். "ஒரு ரூம்தான் வரும்மே. அதுக்கும் பர்மிஷன் வாங்கணும்."

அவள் குரல் எனக்கே கேட்டது. "அங்க அலை சத்தம் கேக்குதா?"

"தவளை சத்தம்தான் கேக்குது."

"அப்ப ஒரு ரூம் போதும்."

கோட்டை என்றால் கல்லும் கதவும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். வெட்டிய பள்ளமும் கோட்டைதான். போகிறவர்கள் காலையிலேயே போங்கள், நிழல் கிடையாது. வெளிக்கரையைச் சுற்றப் பத்து நிமிடம். பக்கத்தில் மனை பார்ப்பவர்கள் பலகையைப் படித்தால் மட்டும் போதாது, காவல்காரரையும் கேளுங்கள்.

மாரி பூஜையைத் தள்ளிவைத்து விண்ணப்பம் கொடுத்திருக்கிறான். அனுமதி எப்போது வருமோ தெரியாது. வீட்டுக்கு அளவு காட்ட அடித்திருந்த முளைக்குச்சிகளை மட்டும் அன்றே பிடுங்கி, பின்வேலியோரம் நட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினான்.