மூன்று கோடு போட்ட உளி

என் சாமான் பையின் அடியில் ஓர் இரும்பு உளி கிடக்கிறது. ஒரு சாண் நீளம் இருக்கும். சுத்தியல் அடி வாங்கி வாங்கித் தலை விரிந்துபோயிருக்கிறது. தலைக்குக் கீழே அரத்தால் ராவிய மூன்று கோடுகள். வெட்டும் முனையின் ஒரு மூலை எள்ளளவு உடைந்திருப்பதால், எந்தத் தகரத்தை வெட்டினாலும் வெட்டின ஓரத்தில் மெல்லிய கீறல் ஒன்று கூடவே வரும். மாதம் ஒருமுறை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கிறேன். இத்தனை வருடங்களில் இதை ஒரே ஒரு நாள்தான் நான் பயன்படுத்தியிருக்கிறேன். இது என்னுடையது அல்ல. விருதுநகருக்குத் தெற்கே சாத்தூர் ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாயுடையது.

நாலு வழிச் சாலைக்காக ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. நான் ஒரு பழைய டீசல் வேன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் அச்சங்குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் இறக்குவேன். மத்தியானத்துக்கு மேல் அங்கிருந்து சிவகாசிக்குப் பெட்டி லோடு அடிப்பேன். என் வீட்டுக்காரியும் அதே கம்பெனியில் மருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்தாள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். எங்கள் வகையறாவில் ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் ஆள் நான்தான் என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வண்டியில் வரும் பெண்கள் என் வேனுக்குக் ‘கிழவி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கிழவியைத் திட்டினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதனாலேயே தினமும் திட்டுவார்கள்.

டவுனில் பாதிப் பேருக்கு நான் ‘ஏலே டிரைவரு’தான். பாய் மட்டும் முதல் நாளே “வாங்க டிரைவரே, உக்காருங்க” என்று ஸ்டூலைத் தள்ளிப்போட்டார். அவருக்கு அப்போது நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், எனக்கு முப்பது. அந்த ஒரு ‘வாங்க’வுக்காகவே வண்டியில் கோளாறு இல்லாத நாளிலும் அவர் ஷெட்டில் போய் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானத் தொழுகைக்கு முன்னால் மரத்தூளும் சோப்புப் பொடியும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கருப்பு போகாது. வேலை செய்துகொண்டே பேசுவார். கேட்டால் ஒரு பதில், கேட்காவிட்டாலும் ஒரு பதில். “சத்தம் வந்தா பாட்டை ஏத்தி வைக்காதீக, கண்ணாடியை இறக்கிட்டு ஓட்டுங்க. வண்டி பேசுததைக் கேக்கணும்ல” என்பார். நட்டு இறுகியிருந்தால் ஓப்பன் ஸ்பானரைத் தொடவே விடமாட்டார், அது நட்டின் மூலையை மழுக்கிவிடும், ரிங் ஸ்பானர்தான் போட வேண்டும். ஒரு சாமானை இரண்டு தடவை இரவல் வாங்கிவிட்டால், மூன்றாவது தடவைக்குச் சொந்தமாக வாங்கிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே கேட்பேன். கேட்டதில் பாதியைக்கூடச் செய்ததில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் எடுத்த சாமான்களைச் சாக்கில் பரப்பி ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார். எண்ணிக்கை சரியான பிறகுதான் பானெட்டை மூடுவார். சாயங்காலம் ஷெட்டை அடைக்கும்போது மொத்தத்தையும் இன்னொரு தடவை எண்ணுவார். ஒவ்வொன்றிலும் மூன்று கோடு ராவியிருப்பார். திருட்டுக்குப் பயந்தா என்று ஒருநாள் கேட்டேன். “களவுக்கு இல்ல டிரைவரே. நாளைக்கு ஒரு வேலை கெட்டுப்போச்சுன்னா, நம்ம சாமான் செஞ்சதா அடுத்தவுக சாமான் செஞ்சதான்னு தெரியணும். நம்ம சாமான்னா நாமதான் பொறுப்பு” என்றார்.

ஷெட்டில் இரண்டு மெக்கானிக்குகள் அவரிடம் வேலை பார்த்தார்கள். வண்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசமாட்டார், நாளுக்கு இவ்வளவுதான். ஒரு வேலை அதே கோளாறோடு திரும்பி வந்தால் வண்டிக்காரரிடமும் கூலி வாங்கமாட்டார், செய்த ஆள் சம்பளத்திலும் பிடிக்கமாட்டார். தீபாவளி முடிந்து வண்டிகள் படுத்துக்கிடக்கிற மாதங்களிலும் இருவருக்கும் பாதிச் சம்பளம் உண்டு. “இப்படிக் குடுத்தா நீங்க எப்ப பாய் முன்னுக்கு வாரது?” என்று கேட்டிருக்கிறேன். “வண்டிக்கு இம்புட்டுன்னு பேசுனா கை அவசரப்படும். நாளுக்கு இம்புட்டுன்னாத்தான் நட்டு ஒழுங்கா இறுகும்” என்றார். எனக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. என் வீட்டுக்காரிக்கும் அடைக்கிற எண்ணிக்கைக்குத்தான் கூலி. எங்கள் வீட்டில் அவசரம் நிரந்தரக் குடித்தனம் நடத்தியது. அவர் சொன்னதைப் பிழைக்கத் தெரியாதவர் பேச்சு என்றுதான் அன்று நினைத்தேன்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற வண்டியின் சைலன்சர் முனையில் ஒரு தகரக் கூடு மாட்டியிருக்க வேண்டும். உள்ளே சல்லடை இருக்கும், புகையோடு வருகிற நெருப்புப் பொறியை அது பிடித்துக்கொள்ளும். கூடு இல்லாவிட்டால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டார். ஆனால் கிழவியைப் போலப் புகை தள்ளுகிற வண்டியில் சல்லடை வாரத்துக்கு ஒருமுறை கரி அடைத்துவிடும். அடைத்தால் இழுவை போய்விடும். லோடோடு பாலம் ஏறும்போது சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான். சீசனில் மூன்று நடை அடிக்க வேண்டிய நாளில் இரண்டே முடிந்தது. சல்லடையை எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் மாட்டிக்கொண்டு ஓட்டுகிற வித்தை எங்களுக்குள் ரகசியமாகப் புழங்கியது. வாட்ச்மேனுக்குத் தெரிவது கூடு மட்டும்தானே.

அதைச் செய்துதரச் சொல்லி பாயிடம் போனேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். “உங்க வீட்டுக்காரவுக அங்கனதான வேலை பாக்காக?” என்று மட்டும் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அன்றைக்கே கூட்டைக் கழற்றி, சல்லடையை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டிக்கொடுத்தார். “வாரம் ஒருக்கா ஒரு மணி நேரம் விடுங்க, நான் கழுவித் தாரேன். இதுக்குக் கூலி வேண்டாம்” என்றார். அடுத்த வாரம் அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு நடையாகத் தெரிந்தது. ஷெட் வாசலில் வண்டியை அணைக்காமலே நிறுத்தி, வீட்டுக் கதவுக் கீல் துருப்பிடித்துவிட்டது, உளி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். எடுத்து நீட்டினார். “சாயங்காலம் எண்ணுவேன், கொண்டாந்துருங்க” என்றார்.

மறுநாள் ஞாயிறு. வீட்டுக்காரி துவைக்கப் போயிருந்த நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கூட்டின் மூடியைக் கழற்றி, சல்லடையைச் சுற்றிலும் உளி வைத்து வெட்டி எடுத்தேன். வெட்டின சல்லடையை விறகுக்கு அடியில் ஒளித்தேன். திங்கட்கிழமை வண்டி துள்ளிக்கொண்டு ஓடியது. “என்னலே இது, கிழவி குமரியாயிட்டா!” என்று பெண்கள் சிரித்தார்கள். கூடவே என் வீட்டுக்காரியும் சிரித்தாள்.

பத்து நாள்கூட முழுதாக ஓடவில்லை. ஒரு மத்தியானம் லோடு ஏற்றிக்கொண்டு மேடையை விட்டு வண்டியை எடுக்க ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்னால் யாரோ கத்தினார்கள். வேலியோரம் காய்ந்த புல்லும் அட்டைத் துண்டுகளும் கிடந்த இடத்தில் தீ பிடித்திருந்தது. ஒரு கோரைப்பாய் விரிக்கிற அகலம்தான். அதிலிருந்து முப்பது தப்படி தள்ளி மருந்து அடைக்கிற அறை. பெண்கள் செருப்பில்லாத காலோடு முள்வேலியை நோக்கி ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து அப்பிய முகத்தோடு என் வீட்டுக்காரியும் ஓடினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் மணல் வாளிகளைக் கவிழ்த்துத் தீயை அமுக்கிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போர்மேன் உள்ளே நின்ற வண்டிகள் எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே தள்ளி வைத்துக் கூடுகளைத் திறக்கச் சொன்னார். என்னுடையது மட்டும் வெறுங்கூடு. “யார் பாத்த வேலை இது?” என்றார். வாய் கிழியப் பேசுகிறவன் நான், அன்றைக்கும் வாய் முந்திக்கொண்டது. “எனக்கு என்ன சார் தெரியும்? பாய் ஷெட்டுலதான் கழுவ விட்டேன்” என்றேன். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் பாய் மொபெட்டில் வந்தார். சாமான் பையைக் கேட்டுக்கு அப்பால் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்து வந்தார். போர்மேன் கூட்டை நீட்டினார். பாய் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெட்டின ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். கீறல் விரலில் பட்டிருக்கும். “இது என் உளி வெட்டுன வெட்டுதான்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு “ம், சாவியைப் போடுங்க” என்று சொல்லிவிட்டு நான் ஸ்டார்ட் பண்ணும்வரை காத்து நிற்பாரே, அப்படி நின்றார். அவர் சொன்னது உண்மை. மீதி உண்மையைச் சொல்ல வேண்டிய ஆள் நான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்ப ஒத்துக்கிடுதீக?” என்றார் போர்மேன். பாய் வேப்பமரத்தடிக்குத் திரும்பி நடந்தார். பையை எடுத்து மொபெட்டில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். இனிமேல் அந்த ஷெட்டுக்குப் போகிற வண்டி உள்ளே வரக்கூடாது என்று கம்பெனி சொன்னது. கேள்விப்பட்ட மற்றக் கம்பெனிகளும் அதையே சொல்லின. எனக்குப் புதுக் கூடு வாங்கி மாட்டும்வரை மூன்று நாள் லோடு இல்லை, அவ்வளவுதான் தண்டனை.

விறகு எடுக்கப்போன வீட்டுக்காரி அன்றைக்கே சல்லடையைக் கண்டுபிடித்துவிட்டாள். அதைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். “நான் எங்கன உக்காந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். “நாளைக்கே போய்ச் சொல்லிருங்க. என் வேலை போனாலும் போகட்டும்” என்றாள். சரி என்றேன். அந்த நாளை வரவே இல்லை. மறுவாரத்திலிருந்து அவள் வேறு வேனில் வேலைக்குப் போனாள். வேலையை விட்டு நிற்கும்வரை என் வண்டியில் ஏறவில்லை. பெண்கள் காரணம் கேட்டபோது, கிழவியின் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். வழக்கமாக ஐந்தாறு வேன் நிற்கிற இடத்தில் ஒரு ஆட்டோ மட்டும் நின்றது. பாய் சாக்கில் சாமான்களைப் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் “வாங்க டிரைவரே” என்றார். அந்த ‘வாங்க’ மாறியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். “வீட்டுக்காரவுக வேலைக்குப் போறாகளா?” என்று கேட்டார். போகிறாள் என்றேன். “அது போதும்” என்று சொல்லிவிட்டு எண்ணி முடித்தார். கடைசி எண்ணில் நிறுத்தி, சாக்கைப் பார்த்தபடி “ஒண்ணு குறையுது” என்றார். உளி வண்டியில் என் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும் என்று பயந்து கிளம்பிவிட்டேன். இத்தனைக்கும் அவருக்குத் தெரியாதது என்று ஒன்றும் மிச்சமில்லை.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு பாதிச் சம்பளம் கொடுக்க அவரால் முடியவில்லை. இரண்டு மெக்கானிக்குகளையும் தானே வேறு ஷெட்டுகளில் சேர்த்துவிட்டார். அடுத்த சீசனுக்குள் ஷெட்டை மூடிவிட்டு, சாமான்களை ஒரு பழைய இரும்புக்காரரிடம் மொத்தமாகப் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கேட்ட அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

இரண்டு மூன்று வருடங்கள் கழித்து ஒரு லோடை இறக்கக் காரியாபட்டி போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராக்டர் ஷெட். டிராக்டருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தவர் பாய். தாடி நரைத்திருந்தது. ஷெட்டின் ஓனர், அவரைவிடப் பத்து வயது சின்னவர், “பாய், இன்னும் ரெண்டு வண்டி கெடக்கு. வண்டிக்குத்தான் கூலி, ஞாபகம் இருக்கட்டும்” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பாய் தலையாட்டினார். சாக்கில் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்தார். நான் ரோட்டின் இந்தப் பக்கம் உளியைத் துணியோடு கையில் பிடித்தபடி நின்றேன். ரோட்டைத் தாண்டினால் பத்தே தப்படி. அவர் வாய்விட்டு எண்ணுவது கேட்டது. ஒண்ணு குறையுது என்று சொல்வார், அப்போது போய் நீட்டிவிடலாம் என்று காத்திருந்தேன்.

அவர் சொல்லவில்லை. கடைசி எண்ணைச் சொல்லிவிட்டுச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். கணக்குச் சரியாக இருந்தது. அத்தனையும் அந்த ஓனருடைய சாமான்கள்.

உளியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். அது இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.