எக்ஸ்ரேயில் தெரியாத சட்டி

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரேயக்கா என்று பெயர். தெருவில் சட்டியக்கா. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருக்கும் அவள் கணவருக்கோ, சமையலறையில் நிமிர்ந்து நடந்தால் நெற்றி வீங்கும், குனிந்து நடந்தால் முழங்கால் வீங்கும். மேலே கொக்கியில் தொங்குவதும் வார்ப்பிரும்புச் சட்டி, கீழே அடுக்கியிருப்பதும் வார்ப்பிரும்பு. "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படிக் கவுத்துப் போட்டுத் தட்டிப் பாத்திருந்தாள்னா, ரெண்டு பேருமே தப்பிச்சிருப்போம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு, கொக்கியில் கோணலாகத் தொங்கும் சட்டியை அவரே நேராக்கி வைப்பார். மனுஷர் அப்படித்தான்.

கால் உடைந்தவர்கள், நெஞ்சில் சளி கட்டியவர்கள், சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் முழிக்கும் குழந்தைகள் என்று எல்லோரையும் படுக்கவைத்துப் படம் பிடிப்பது அவள் வேலை. ஒருநாள் பழுதுபார்த்த மெஷினைச் சோதிக்க ஏதாவது பொருள் வேண்டும் என்றார் இன்ஜினியர். ஜெனரேட்டர் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க யாரோ ஒரு பழைய சட்டியை முட்டாக வைத்திருந்தார்கள். அதை எடுத்து வந்து வைத்தாள். படத்தில் ஒரு வெள்ளை வட்டம் வந்தது, அதிலிருந்து ஒரு வெள்ளைக் கைப்பிடி நீண்டது. வேறொன்றும் இல்லை.

"இரும்பு அக்கா அது. கதிர் எங்க உள்ள போகும்?" என்று இன்ஜினியர் சிரித்தார்.

அவளுக்குத் தெரியாததா? இருந்தாலும் ரோஷம் வந்துவிட்டது. பெரிய அதிகாரி முதல் மாடு முட்டியவன் வரை எல்லோருடைய உள்ளும் அவளுக்கு அத்துப்படி. கேவலம் கதவுக்கு முட்டுக் கொடுத்த ஒரு சட்டி, வாயைத் திறக்கமாட்டேன் என்கிறதே! வாட்ச்மேனிடம் சொல்லி, கதவுக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டுச் சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம், இன்றுவரை தெளியவில்லை.

பெயின்ட்டும் புகையும் சுரண்டி முடித்தபோது சட்டியின் அடியில் நீளமாக ஒரு தழும்பு எழும்பியது. அது என்ன என்று கேட்டுக் கேட்டு அலைந்து கடைசியில் ஒரு வார்ப்படச் சாலைக்காரர் விளக்கினார். மண்ணில் அச்செடுத்து, உருக்கிய இரும்பை அதற்குள் ஊற்றுவார்கள். ஊற்றிய வாய் இறுகிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உடைத்தெடுத்த இடம்தான் இந்தத் தழும்பு. இன்னும் பழைய சட்டிகளில் அது வட்டமாக, தொப்புள்போல் இருக்குமாம். பிற்காலத்தில் ஊற்றும் முறை மாறிவிட்டதால் புதுச் சட்டிகளின் அடியில் இது கிடையாது. அதாவது தழும்பு இருந்தால் சட்டி, பார்க்கிறவருடைய தாத்தாவுக்கும் மூத்தது.

வீட்டுக்கு வந்து அந்தத் தழும்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கனத்த, குளிர்ந்த, அசையாத பொருள் ஒரு கணம் தண்ணீராய் ஓடியிருக்கிறது. இந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை வீட்டுப் பசியைத் தீர்த்ததோ! 

பழைய சாமான் சந்தையில் அவளைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் சட்டியின் முகத்தைப் பார்ப்பார்கள், இவள் முதுகைப் பார்ப்பாள். கைப்பிடி ஓட்டையில் விரலைக் கோத்துத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். நல்ல சட்டி மணிபோல் நீட்டி ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தாலும் 'டொக்' என்று உண்மையைச் சொல்லிவிடும். தட்டையான இடத்தில் வைத்துச் சுழற்றுவாள், அடி கோணியிருந்தால் பம்பரமாய்ச் சுற்றும். யாராவது அதில் விஷமான ஈயத்தைக் காய்ச்சியிருப்பார்களோ என்று சந்தேகம் தட்டினால், ராஜா வீட்டுச் சட்டியே ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

வாங்கி வந்ததைக் குளிப்பாட்டும் இடம் பால்கனி. மூடி போட்ட ஒரு பெரிய வாளியில் காஸ்டிக் சோடா கரைசல். முழங்கைவரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு சட்டியை அதற்குள் இறக்கினால், ஏறிக் கெட்டிப்பட்ட எண்ணெய்க் கருப்பெல்லாம் நாளாக ஆக ஊறிக் கழன்றுவிடும். பிறகு துருவுக்கு வினிகர். எல்லாம் போனால் சாம்பல் நிறத்தில் வெற்று இரும்பு கிடைக்கும். அதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. ஈரக்காற்று பட்டாலே கண்ணெதிரே சிவக்கத் தொடங்கிவிடும். உடனே சூடாக்கி, எண்ணெய் பூசி, பூசியதே தப்பு என்பதுபோல் துடைத்தெடுத்து, மறுபடி காய்ச்ச வேண்டும். இப்படிப் பல தடவை செய்தால் சட்டி பழகும், கருப்பு திரும்பி வரும். வெற்று இரும்பைக் காயப்போட்டுவிட்டு அவள் ஒரு போன்கூட எடுத்தது கிடையாது.

இவ்வளவு தெரிந்தவள்தான் அண்ணியின் சட்டியில் கையைச் சுட்டுக்கொண்டாள்.

அண்ணி என்பது கணவரின் அக்கா. கணவரின் அம்மா கடைசிவரை இருந்தது அந்த அண்ணி வீட்டில்தான். அத்தையின் மூச்சு இழுக்கத் தொடங்கிய நாளில் இவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். விபத்துக்குள்ளான பஸ்ஸிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள், விட்டுவிட்டு வர வழியில்லை. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "உள்ள இருக்கிற எலும்பெல்லாம் பாக்கத் தெரியுது. எதிர்ல இருக்கிற மனுஷங்களத்தான் பாக்கத் தெரியல" என்றாள் அண்ணி, கூடியிருந்தவர்கள் முன்னால். அதன் பிறகு அண்ணி இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தம்பியோடு போனில் பேசுவாள், இவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். கணவர் எவ்வளவு ஜோக்கடித்தாலும் அந்தப் போன் பேச்சுக்குப் பிறகு கொஞ்சநேரம் ஊமையாகிவிடுவார். இவளுக்கு அதுதான் தாங்காது.

அப்படிப்பட்ட அண்ணி ஒரு நாள் துணிப்பையோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்! உட்காரவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை. பைக்குள்ளிருந்து நீளக் கைப்பிடி வைத்த ஒரு கனத்த சட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அம்மாவோடது. கைப்பிடி துருப்பிடிச்சுப் போச்சு. நீதான் இதெல்லாம் பண்ணுவியாமே. துருவ எடுத்துக் குடு."

"குடுக்கறேன் அண்ணி. உக்காருங்களேன்..."

"இல்ல. அப்புறமா வரேன்." அண்ணி படியிறங்கிப் போய்விட்டாள்.

கணவர் எச்சரித்தார். "பாத்துடி. அக்கா குடுத்துட்டுப் போனது சட்டி இல்ல, சமாதானம். கீழ போட்டுறாத."

கீழே போடவில்லை. வாளியில் போட்டாள், அதுதான் வினை. சட்டியின் வெளிப்புறமெல்லாம் மரப்பட்டை கனத்துக்குக் கருப்பு அப்பியிருந்தது. துரு கைப்பிடியிலிருந்து அந்தக் கருப்புக்கு அடியில் புகுந்திருந்தது. பாதி முகத்தை மட்டும் யாராவது கழுவுவார்களா? அதுவும் போக, அடியில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க அவளுக்குக் கை அரித்தது. சமாதானச் சட்டியைச் சொக்கச் சுத்தமாகக் கொடுத்தால் அண்ணி அசந்துபோவாள் என்றும் ஒரு நப்பாசை. சட்டி வாளிக்குள் இறங்கியது.

ஊறவைத்து, தேய்த்து, வினிகரில் அலசி எடுத்த அன்று சட்டி முழுநிர்வாணமாக, வெள்ளிச் சாம்பல் நிறத்தில் வெளிவந்தது. அடியில் தழும்பு! ஓடிப்போய்க் கணவரிடம் காட்டலாம் என்றால் அவர் டிப்போவில். துணியால் ஒற்றி, அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எண்ணெய்ப் புட்டியைத் திறந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அண்ணி.

அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கே வந்துவிட்டாள். மேஜைமேல் இருந்ததைப் பார்த்தாள். தன்னுடையது என்று முதலில் அடையாளம் தெரியவில்லை. கைப்பிடியின் வளைவைப் பார்த்ததும் தெரிந்தது.

"அந்தக் கருப்பு எங்க?"

"எடுத்துட்டேன் அண்ணி. அடி வரைக்கும் துரு..."

"கைப்பிடியத்தான சொன்னேன்? அதுல அம்மா சமைச்சது அத்தனையும் இருந்துச்சேடீ. எங்க அம்மாவையே கழுவி ஊத்திட்டியா நீ?"

அண்ணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள்.  எத்தனையோ சட்டிகளின் கருப்பை இவள் அழுக்கு என்று ஊற்றியிருக்கிறாள். அது ஒருத்தியின் வாழ்நாள் சமையல் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பஸ் விபத்து நாளில் அவள்மேல் தப்பில்லை. இன்றைக்கு இருக்கிறது. இனி இந்தப் படியில் அண்ணியின் கால் படாது, கணவரின் ஊமை நேரமும் தீராது. அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

அழுதுகொண்டே அண்ணி சட்டியை மடிக்கு இழுத்து, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் உள்ளங்கையால் உள்பக்கம் தடவினாள். தடவிய கை ஓரிடத்தில் நின்றது. திரும்பவும் தடவியது, அதே இடத்தில் நின்றது.

"இங்க என்ன, பள்ளமா இருக்கு?"

இவள் சட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். தழும்பைப் பார்க்கிற அவசரத்தில் உள்ளே பார்க்கவே இல்லை! சட்டிக்குள் சுற்றிலும், வார்த்தவர்கள் சாணைக்கல்லால் தேய்த்த மெல்லிய கோடுகள் இருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் கோடுகளே இல்லை. அங்கே இரும்பு கண்ணாடியாய் வழவழத்து, லேசாகக் குழிந்து, விளிம்புகூட மழுங்கியிருந்தது. கரண்டி போய்ப் போய்த் தேய்ந்த இடம். தேய்ந்த சட்டிகள் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இவ்வளவு தேய்ந்ததை அவள் கண்டதில்லை. அதுவும் வழக்கமாகத் தேயும் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம்.

"அண்ணி... அத்தைக்கு இடது கைப்பழக்கமா?"

அண்ணியின் அழுகை நின்றது. "உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இது சொல்லுது. எல்லாரும் தேய்க்கிற பக்கம் புதுசா இருக்கு. இந்தப் பக்கம் தேஞ்சிருக்கு."

அண்ணி சட்டியையே பார்த்தாள். "சின்னதுல அடிச்சு அடிச்சு மாத்திட்டாங்களாம். எழுதறது, சாப்புடறது, ஆளுங்க முன்னாடி எதுன்னாலும் வலதுதான். சமையல்கட்டுல தனியா நிக்கறப்ப மட்டும் கரண்டி இடது கைக்குப் போயிரும். நான் பின்னாடி வந்துட்டா படக்குன்னு மாத்திக்குவா. நானும் பாக்காத மாதிரி இருந்துருவேன்."

மருமகளாக வந்து இத்தனை வருஷம் ஆகியும் இவள் அதைக் கவனித்ததில்லை. இப்போது கண்ணெதிரே இருந்தது. ஒரு கை, ஒரு கரண்டி, தினமும் யாருக்கும் தெரியாமல் ஒரே பக்கம். இரும்பே குழிந்துவிட்டது! வாளியில் ஊறவைத்தாலும் தேய்த்தாலும் போகாத அடையாளம். அவளுக்குக் கும்பிடவேண்டும்போல் இருந்தது.

"கருப்பு திரும்ப வருமா?"

"வரும் அண்ணி. ஆனா அது அத்தையோடதா இருக்காது. அத நான் போக்கிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

 அண்ணி நான்கு விரல்களையும் அந்தப் பள்ளத்தில் வைத்தபடி இருந்தாள். இவள் எண்ணெய்ப் புட்டியை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தாள். "இப்பத் தடவாத. தம்பி வரட்டும். அவனும் தொட்டுப் பாக்கட்டும்."

அவர் வர நேரமாகும். வெற்று இரும்பு காத்திருக்காது. அண்ணியின் விரல் ஈரம் பட்ட இடங்கள் ஏற்கெனவே செம்மை தட்டத் தொடங்கியிருந்தன.  ஆனாலும் இவள் புட்டியை மூடி வைத்துவிட்டு அண்ணிக்கு எதிரில் உட்கார்ந்தாள். துரு பூப்பூவாக வந்தது. தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் வாசலிலேயே ஆரம்பித்தார். "என்ன, இன்னைக்குப் புதுசா யாரு தொங்கறா..." அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கைய வைடா, இங்க" என்றாள் அக்கா.

வைத்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா சொல்லச் சொல்ல முகம் மாறியது. "அம்மா இடது கையா? நான் பாத்ததே இல்லையே."

"நீ எப்படிப் பாப்ப? நீ சாப்புட வர்றதுக்குள்ள சமைச்சு முடிச்சிருப்பாளே."

ஜோக்கடிக்கிற மனுஷர், பள்ளத்திலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார். இரண்டு பெண்களும் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்கள்.

கடைசியில் அண்ணிதான் எண்ணெய்ப் புட்டியை இவள் பக்கம் நகர்த்தினாள். "ம், தடவு. துரு ஏறுதில்ல?"

"நீங்க தடவுங்க அண்ணி. உங்க அம்மாவோடது."

"நீதான் கழுவுன, நீயே தடவு. மொதல் சமையலும் நீயே பண்ணி எங்க ரெண்டு பேருக்கும் போடு."

"இன்னைக்கேவா? துருவத் துடைச்சு, பல தடவ காய்ச்சி எடுக்கணும் அண்ணி. ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும்" என்று அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். "நான் ஒண்ணும் கிளம்பல."