மடியேந்த பெங்களூரிலிருந்து வந்தவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தயங்கிவிட்டேன். காரணம் என் சகலை. பெங்களூரில் இருந்துகொண்டு இந்தப் பத்தியை வாராவாரம் போனில் படிக்கிற மனுஷர். போன ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூரில் எங்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். கூழ் வாங்கத் தூக்குச் சட்டியோடு வரிசையில் நின்றபோது, இனியும் மறைத்தால் அம்மனுக்கே பொறுக்காது என்று தோன்றிவிட்டது.

சகலை வந்தால் காபிக்கு முன்பே ஊர் ஒப்பீடு ஆரம்பமாகிவிடும்.

"அண்ணா, மெட்ராஸ்ல வறுமை இன்னும் போகல. எங்க ஏரியால ஒரு ஏழையைக் காட்டுங்க பார்ப்போம்."

காட்ட முடியாதுதான். அவர் குடியிருக்கும் இடத்துக்கு நான் போயிருக்கிறேன். மதில் அவ்வளவு உயரம். வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்குத் தனி லிஃப்ட். கண்ணில் படாவிட்டால் ஊரிலேயே இல்லை என்று கணக்கு... பூனை கூட இவ்வளவு இறுக்கமாகக் கண்ணை மூடாது.

நாலைந்து வருஷத்துக்கு முன் அவர் மகளுக்கு டெங்கு. ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து என் மனைவியின் தங்கை வேண்டிக்கொண்டாள் — பிள்ளை பிழைத்தால் ஆடியில் நாங்கள் இருவரும் மடிப்பிச்சை எடுத்துக் கூழ் ஊற்றுகிறோம், தாயே. பிள்ளை பிழைத்தாள்.

மடிப்பிச்சையில் சொந்த அரிசி கூடாது, விலைக்கு வாங்கியதும் கூடாது. பிறர் வாசலில் நின்று ஏந்த வேண்டும். கோடீஸ்வரனும் அன்றைக்குப் பிச்சைக்காரன்தான். வேண்டுதலில் குறை வந்தால் பிள்ளைக்கு ஆகாதே என்ற பயம் அவளுக்கு. எனக்கும்தான்.

"பெருங்களத்தூர்ல புது அபார்ட்மென்ட் இருக்கே, அங்க போலாம்" என்றார் சகலை. "ஒரே கேட், நிறைய வீடு. அரை மணில முடிச்சிடலாம்."

சகலைக்கு மஞ்சள் வேட்டி, சட்டையில்லாத உடம்பு, கையில் மஞ்சள் துண்டு. செக்யூரிட்டி எங்கள் மூவரையும் மறித்தார்.

"பிச்சை எடுக்கறவங்களை உள்ள வுடக்கூடாது சார். ஆர்டர்."

சகலை இங்கிலீஷில் விளக்கினார். செக்யூரிட்டி இன்னும் உஷாரானார். கெஞ்சி இன்டர்காமில் கூப்பிட்டால், ஒரு குரல் மீட்டிங்கில் இருந்தது. இன்னொன்று, "ஜிபே நம்பர் சொல்லுங்க" என்றது. அம்மன் இன்னும் ஜிபேக்கு மாறவில்லையே, என்ன செய்ய?

பெங்களூரைப் பார்க்க ரயில் ஏற வேண்டியதில்லை, பெருங்களத்தூரிலேயே முளைத்துவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உச்சிவேளை நெருங்கியது. கோயிலில் அண்டா அடுப்பில் ஏறிவிட்டது. மடியில் ஒரு மணி அரிசி இல்லை. மனைவியின் தங்கைக்கு முகம் வெளுத்துப் போயிற்று. நான்தான் ஆட்டோ பிடித்து, பம்மலில் எனக்குத் தெரிந்த ஒரு சந்துக்குக் கூட்டிப்போனேன்.

எல்லாம் ஒற்றை அறை வீடுகள். முதல் வாசலில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு அக்கா. மஞ்சள் துணியைப் பார்த்ததுமே உள்ளே போய், ரேஷன் அரிசியை இரண்டு கையாலும் அள்ளி வந்து துண்டில் போட்டார். சகலைக்கு மனசு கேட்கவில்லை. இடுப்பிலிருந்து ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

அந்த அக்கா துண்டில் கைவிட்டு அரிசியைத் திரும்ப அள்ளிக்கொண்டார்.

"துட்டு குட்த்தா அது கடை சாமான் சார். புள்ளைக்கு வேண்டிக்கினு வந்து இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

தங்கை அழுதுவிட்டாள். அவள் அழுவதைச் சகலை பார்த்தார். நோட்டைச் செருகிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் துண்டை ஏந்தினார்.

"தாயே... பிச்சை போடுங்க."

அதை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

அக்கா மறுபடி போட்டார். பிறகு அந்தச் சந்தே போட்டது. அரிசி தீர்ந்துபோன ஒரு வீட்டில், கூழுக்குக் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் தந்தார்கள்.

கிளம்பும்போது அக்கா விசாரித்தார். "எந்த ஊரு சார் நீங்க?"

"பெங்களூர்."

"அங்க போட மாட்டாங்களா?"

சகலை துண்டை முடிச்சுப் போடத் தொடங்கினார். தங்கைதான் சொன்னாள். "அங்கயும் கேட்டோங்கக்கா. எங்க குடியிருப்பு அசோசியேஷன்ல பர்மிஷன் இல்லைன்னுட்டாங்க."

அக்கா உச்சுக் கொட்டினார். "அம்மாம் பெரிய ஊர்ல ஒரு புடி அரிசி போட ஆளில்ல. பாவம்."

எந்த ஊரில் ஏழ்மை அதிகம் என்று இதைவிடத் தெளிவாக எந்த சர்வேயும் எனக்குச் சொன்னதில்லை. கூழ் ஊற்றியாயிற்று. பிள்ளை அம்மன் புண்ணியத்தில் ஓடியாடுகிறாள். சகலை இப்போதெல்லாம் எங்கள் ஊர் வெயிலை மட்டும்தான் குறை சொல்கிறார்.

நாலு பேரிடம் இதைச் சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஊர் பெயரை மாற்ற வேண்டாம், அந்த அக்காவைச் சுத்தத் தமிழ் பேசவைக்க வேண்டாம்.

முக்கியமாக, அந்தப் 'பாவம்'... அதை விட்டுவிடாதீர்கள்.